மென்பொருளின் முதிர்ச்சியை அறிதல்

தேயிலைக் கன்றை நாற்றுமேடையிலிருந்து எடுப்பவர் அதன் தளிரழகை மட்டும் நோக்குவதில்லை. வேர் ஊன்றியுள்ளதா, நிழல் நீக்கி வெயிலுக்குப் பழக்கப்பட்டதா என்றும் ஆராய்வர். பாடசாலைப் பதிவேடுகள் கணினிக்கு மாறும் இந்நாளில், நோர்வூட்டில் வாழும் நாமும் மென்பொருளை அவ்வாறே ஆராய்தல் வேண்டும். பதிவின் அருமை மலையகத்தார்க்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் பிறப்புக்குச் சான்று கேட்டபோது, அஃது இன்மையால் இடர்ப்பட்டோர் எண்ணற்றோர் அன்றோ?

நம் நாட்டில் தோன்றிய ‘சகனா’ என்னும் மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதிவதற்கு இலங்கை நிரலாளர் இதனை விரைந்து இயற்றினர். நிவாரணம் என்பதே அச்சிங்களச் சொல்லின் பொருள்.

முதல் வினா: பிறந்த இடத்திற்கு அப்பாலும் அது பயன்பட்டதா? சகனா 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின் போதும் உதவிற்று.

இரண்டாவது: பேணுவோர் எத்தனை பேர்? சகனாவைப் பேண 2009இல் தனி அமைப்பொன்று எழுந்தது. மாறாக, உலகெங்கும் வழங்கும் ‘எக்ஸ்இசட்’ என்னும் கோப்புச் சுருக்கக் கருவியைப் பெரும்பாலும் ஒருவரே பேணி வந்தார். உதவ வந்தவர்போல் ஈராண்டுக்கு மேல் நம்பிக்கை ஈட்டிய ஒருவர், அதனுள் கள்ளவாயில் அமைத்தமை 2024இல் வெளிப்பட்டது.

மூன்றாவது: பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றா? முதற் சகனா பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. பின்வந்த ‘சகனா ஈடன்’ பைத்தன் மொழியில் புதிதாக இயற்றப்பட்டது. முன்னதன் புகழைப் பின்னதன் முதிர்ச்சியாகக் கொள்ளலாகாது. நாம் கொள்ளும் பதிப்பு எது, அதன் இறுதித் திருத்தம் எந்நாளில் வெளிவந்தது என வினவுக.

நான்காவது: இட்ட தரவை மீளப் பெறலாமா? பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். ஆதலின் ஒருங்குறியில் பதிவதும், பதிந்தவற்றைப் பிற மென்பொருள்களும் படிக்கும் வடிவில் திருப்பித் தருவதுமே கொள்ளத்தக்கது.

இந்நான்கிலும் தேறிய பின்னரும், ஒரு தவணை முழுதும் கையெழுத்துப் பதிவேட்டையும் உடன் பேணி, இரண்டையும் ஒப்புநோக்குக. விலையின்றிக் கிடைக்கிறது என்பது ஒரு பொருளைக் கொள்வதற்குப் போதிய காரணமன்று. ஒரு பிள்ளையின் பெயர் பிழையின்றி நிலைபெறும் என்னும் உறுதியே காரணமாதல் வேண்டும்.