முத்தநாதனின் கத்திக்கு எத்தனை பகடை?

மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி, சடை முடித்து, ஏட்டுக்கட்டுக்குள் கத்தியை ஒளித்துத் திருக்கோவிலூர் அரண்மனைக்குள் நுழைந்தான். அரசர் அவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்தித் தாம் தரையில் அமர்ந்தார். ஏட்டை அவிழ்ப்பவன்போல் அவிழ்த்து, அவர் வணங்கும் வேளையில் குத்தினான்.

பெரியபுராணத்தின் இந்த ஒரு குத்தில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் 'ஸ்னீக் அட்டாக்' (மறைந்து தாக்குதல்) தகராறுகள் பலவும் அடங்கியிருக்கின்றன. குத்துபவர் ஐந்தாம் நிலைத் திருடர், ஆயுதம் நான்குமுகப் பகடை உருட்டும் குத்துவாள் என்று வைத்து மூன்று பதிப்புகளை ஒப்பிடலாம்.

1978 விதி: மும்மடங்கு

பின்னாலிருந்து குத்தினால் ஆயுதச் சேதம் மூன்று மடங்கு: 3 முதல் 12 வரை. கணக்கு எளிது. ஆனால் முத்தநாதன் எதிரில் இருந்தான். எழுத்துப்படி பார்த்தால் அவனுக்கு ஒன்றும் கூடாது.

2000 விதி: தயாராக இல்லாதவர்

முதுகு அவசியமில்லை. தாக்கப்படுபவர் சுதாரிக்கும் முன்போ, இருவர் நடுவில் சிக்கியபோதோ அடித்தால் மூன்று ஆறுமுகப் பகடைகள் கூடும்: மொத்தம் 4 முதல் 22 வரை. நம் காட்சிக்கு நேராகப் பொருந்துகிறது. சிரமம் என்னவென்றால், ஒரே முறையில் பல அடி அடித்தால் ஒவ்வொன்றுக்கும் நிபந்தனையைச் சரிபார்க்க வேண்டும்.

2014 விதி: முறைக்கு ஒன்று

அதே பகடைகள், ஆனால் ஒரு முறைக்கு ஒரு தடவைதான். 'அட்வான்டேஜ்' (தாக்குபவருக்குச் சாதக நிலை) வேண்டும், அல்லது இலக்கின் இன்னொரு எதிரி ஐந்தடிக்குள் நிற்க வேண்டும். முத்தநாதன் தனியாக வந்தவன். எதிர்பாராத் தாக்குதல் என்பது மட்டும் அட்வான்டேஜ் தராது. அரசர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கினார் என்று கொண்டால், கிடப்பவரை அருகிலிருந்து தாக்குவதால் அது கிடைக்கும். கைகூப்பி மட்டும் வணங்கினார் என்றால் ஆட்டம் நடத்துபவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். 'அசாசின்' பிரிவினருக்கு இந்தக் குழப்பமே இல்லை. எதிர்பாராதவர் மீது பட்ட அடி 'கிரிட்டிக்கல்' ஆகி, பகடைகள் இரட்டிக்கும்: 8 முதல் 44 வரை.

எதைத் தேர்வது?

புதியவர்கள் விளையாடும் மேசைக்கு 2014 விதியே நல்லது. சரிபார்க்கும் வேலை குறைவு. சூழ்ச்சியும் ஒற்றும் நிறைந்த கதைக்கு 2000 விதி பொருத்தம். பழைய விதியை எடுத்தால், 'பின்னால்' என்பதை 'அறியாதபோது' என்று படிப்போம் என முதலிலேயே அறிவித்துவிடுங்கள். எந்தப் பதிப்பானாலும் அடிப்படை ஒன்றே: கத்தி எந்தத் திசையில் வந்தது என்பதைவிட, அடிபட்டவர் என்ன நம்பியிருந்தார் என்பதைக் கேளுங்கள். வேடத்தால் பெற்ற நம்பிக்கைக்கு அட்வான்டேஜ் கொடுங்கள். ஆனால் முதல் குத்துக்கு மட்டும்.

இன்னொன்றும் செய்யுங்கள். குத்துப்பட்ட மெய்ப்பொருளார், வாளோடு பாய்ந்த தம் காவலன் தத்தனைத் தடுத்து, கொலைகாரனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டிவிடச் சொன்னார். கதையின் உயரம் அந்தக் கட்டளையில்தான் இருக்கிறது. எனவே சேதத்தைக் கணக்கிட்டதும், விழுந்தவரை ஆடுபவருக்கு ஒரு கடைசி வார்த்தை கொடுங்கள்.