சாதிக்காய் காயா, விதையா?

கேள்வி: குற்றாலத்துக் கடைகளில் சாதிக்காய், சாதிபத்திரி என்று தனித்தனியே விற்கிறார்களே, இவை ஒரே மரத்தில் விளைபவையா? சாதிக்காய் உண்மையில் காய்தானா?
— வாசகர் ஒருவர், தென்காசி

பதில்: ஒரே மரத்தின், அதுவும் ஒரே கனியின் உறுப்புகளே இரண்டும். வெளிர்மஞ்சள் நிறமான கனி முற்றி இரண்டாக வெடிக்கும்போது, உள்ளே கரும்பழுப்பு ஓடொன்றைச் செந்நிற வலை இறுகப் பற்றியிருக்கக் காணலாம். அவ்வலையை உரித்து உலர்த்தியது சாதிபத்திரி. ஓட்டை உடைத்தெடுத்த பருப்பு சாதிக்காய். ஆகவே, நாம் வாங்கும் சாதிக்காய் தாவர சாஸ்திரப்படி காயன்று, விதையின் உள்ளீடே. பத்திரியும் இலையன்று, இதழுமன்று, விதையின் அடியில் தோன்றி அதன்மேல் படர்ந்து வளரும் போர்வையேயாகும்.

இந்த மயக்கத்துக்குக் காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. தாம்பூலத்துக்கு மணமூட்டும் பஞ்சவாசத்தில் சாதிக்காயையும் இலவங்கத்தையும் சேர்த்துக்கொண்ட நம் முன்னோரில் பெரும்பாலோர், மொலுக்காத் தீவுகளிலிருந்து உலர்ந்து கப்பலேறி வந்த சரக்கைக் கண்டவர்களேயன்றி மரத்தைக் கண்டவர்களல்லர். மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டுச் சாதிக்காய் இனங்கள் உண்டெனினும் அவை மணத்தில் குறைந்தவை. டச்சுக்காரர் பிறர் கைக்குப் போகாமல் காத்துவந்த அத்தீவுகளை 1796-இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய பின்னர், கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கிருந்து கன்றுகளைக் கொணர்வித்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் பருவக்காற்றால் சாரலும் குளிர்ச்சியும் வாய்க்கப்பெற்ற குற்றாலத்தில், அந்நூற்றாண்டின் முடிவையொட்டி வாசனைத் திரவியத் தோட்டங்களை அமைத்தனர். இம்மரத்தில் ஆணும் பெண்ணும் வேறு வேறு. கன்றாயிருக்கையில் பேதம் தெரியாது. ஆண்டுகள் பல கழித்துப் பூத்த பிறகே, காய்க்காத ஆண்மரம் இன்னதென்று தோட்டக்காரர் அறிவர்.

கேள்வி: அப்படியானால் கிராம்பு பூவா, காயா?
— வேறொரு வாசகர், செங்கோட்டை

பதில்: மலராத மொட்டு. பசுமை மாறிச் சிவப்பேறும் தருணத்தில், விரிவதற்கு முன்பே பறித்து வெயிலில் உலர்த்துகிறார்கள். உச்சியில் உருண்டிருப்பது இதழ்களின் குவியல்; அதைச் சூழ்ந்த நான்கு பற்களும் புல்லிகள்; காம்பென்று நாம் எண்ணும் கீழ்ப்பாகமோ சூற்பையைத் தன்னகத்தே கொண்டது. பறிக்காது விட்டால் அது மலர்ந்து கருஞ்சிவப்புக் கனியாகும். அக்கனி நாவற்பழத்தை நினைவூட்டுவதில் வியப்பில்லை, ஏனெனில் கிராம்பும் நாவலும் தாவர நூலார் வகுத்த ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.