நெய்தலாய் இருந்த நிலம்: நுண்புதைபடிவங்கள் காட்டும் கடலும் காலமும்

முன்னுரை

பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம், சின்ன வெங்காயச் சாகுபடியாலும் குன்றின்மேல் அமைந்த முருகன் கோயிலாலும் அறியப்படும் ஊர். அவ்வூர் அமைந்திருப்பது மிகப் பழைய படிகப் பாறை நிலத்தில். அங்கிருந்து திருச்சிராப்பள்ளி – சென்னை நெடுஞ்சாலையைக் கடந்து கிழக்கே சென்றால் நிலத்தின் இயல்பே மாறிவிடுகிறது. காரை முதலிய ஊர்ப்புறங்களில் களிமண்ணும் மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காய்த் தோன்றுகின்றன. இவை கடலடியில் படிந்தவை. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் கடல் அலைவீசிற்று. அக்கடலின் ஆழமும் வெப்பமும் எத்தகையன, அது எப்பொழுது பின்வாங்கியது என்பனவற்றைச் சிற்றுயிர்களின் ஓடுகளைக் கொண்டு அறியும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர்ப்பெயரால் வழங்கும் காலங்கள்

இப்பாறைகளை முறையாக ஆய்ந்து 1862இல் நூலாக்கியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சார்ந்த பிளான்ஃபோர்டு ஆவார். அவர் இவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். பின்வந்தோர் காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, கல்லமேடு, நின்னியூர் என மேலும் நுணுகிப் பெயரிட்டனர். நம் சிற்றூர்களின் பெயர்கள் உலகப் புவியியல் நூல்களில் பாறைகளின் பெயர்களாக வழங்கிவருதல் நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியாகும்.

துளைதாங்கிகள்

கடல்வாழ் ஓரணு உயிர்களுள் ஒரு பெருங்கூட்டம் ஃபோராமினிஃபெரா எனப்படும். துளைகளைத் தாங்கியவை என்பது இவ்விலத்தீன் சொல்லின் பொருள். எனவே துளைதாங்கிகள் எனத் தமிழாக்கலாம். இவற்றுட் பெரும்பாலானவை சுண்ணாம்பால் ஓடு கட்டுவன. மணல் அளவினும் சிறியவை பல. சில கடல்நீரில் மிதந்து வாழ்வன. பல தரையில் வாழ்வன. இறந்தபின் ஓடுகள் சேற்றில் புதைந்து, சேறு பாறையானபின்னும் நிலைபெறுகின்றன.

ஆய்வாளர் பிடிமண் எடுத்து நீரில் ஊறவைத்து, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு கண்ணுள்ள சல்லடையில் கழுவுவர். சேறு வழிந்தோட, ஓடுகள் தங்கும். அவற்றை உலர்த்தி, நுண்ணோக்கியின்கீழ் மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி இனம் பிரிப்பர்.

கருப்பொருளால் முதற்பொருள் அறிதல்

தமிழ் பயில்வார்க்கு இம்முறை புதிதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்து உயிர்கள் கருப்பொருள் என்றும் அகத்திணை இலக்கணம் வகுக்கும். ஒரு பாட்டில் புன்னையும் சுறாவும் வருமாயின், நிலம் கூறப்படாவிடினும் அது நெய்தல் என உணர்கிறோம். துளைதாங்கிகளைக் கொண்டு ஆய்பவரும் இவ்வாறே கருப்பொருளால் முதற்பொருளை உய்த்துணர்கின்றனர்.

நிலத்தை அறியுமாறு: கரையோர ஆழமற்ற கடலில் தரைவாழ் இனங்கள் மிகுந்திருக்கும், கரையை விட்டு அகன்று ஆழம் கூடுந்தோறும் மிதப்பனவற்றின் விழுக்காடு உயரும். பொழுதை அறியுமாறு: ஒவ்வோர் இனமும் ஒரு காலத்தில் தோன்றி ஒரு காலத்தில் மறைவதால், அதன் ஓடே அவ்வடுக்கின் காலத்தைக் கூறும்.

வெப்பத்தை அறிவதற்கு ஓட்டின் உயிர்வளியே துணை. உயிர்வளி அணுக்களுள் எடை 16 உடையவை மிகப்பல. 18 உடையவை சில. நீர் குளிர்ந்திருப்பின் ஓட்டில் கனத்த அணுவின் பங்கு சற்றுக் கூடும். இக்கருத்தை 1947இல் ஹரால்டு யூரே விளக்கினார். 1955இல் எமிலியானி ஆழ்கடற்படிவுகளில் இதனைச் செயற்படுத்தி, பனியூழிகளின் வெப்ப ஏற்றத்தாழ்வை வரைந்து காட்டினார். ஆயின் 1967இல் ஷாக்கிள்டன் ஒரு திருத்தம் கூறினார். இலேசான நீர் எளிதில் ஆவியாகிப் பனிப்பாறைகளில் தங்கிவிடுவதால் கடலில் கனத்த நீர் மிகும். எனவே ஓடு காட்டுவது வெப்பத்தை மட்டுமன்று, உலகப் பனியின் அளவையும் ஆகும் என்பதே அது.

காரை முதல் நின்னியூர் வரை

காரைக் களிமண் படிந்த காலத்தில் பெரும் பனிப்பரப்புகள் உலகில் நிலவியதாகக் கருதப்படவில்லை. இந்தியா அப்பொழுது தென் அரைக்கோளத்தில் இருந்தது. ஏறத்தாழ 9 கோடியே 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகின் பல கடல்களில் உயிர்வளி குன்றி உயிரினங்கள் சில அழிந்தன. அந்நிகழ்வை உள்ளடக்கிய காலத்தின் படிவுகள் காரையில் வெளித்தெரிகின்றன. மேலே சென்றால், கல்லங்குறிச்சியில் சிப்பிகள் செறிந்த சுண்ணாம்புக்கல். அதன்பின் கல்லமேட்டில் கடல் விலகிய நிலத்துப் படிவு. மீண்டும் நின்னியூரில் கடற்படிவு. இடையே, 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், மிதந்து வாழ்ந்த துளைதாங்கி இனங்களுள் பெரும்பாலானவை உலகெங்கும் மாய்ந்தன.

கடல்கோளும் இக்கடலும்

இப்பகுதியிற் கிடைக்கும் சங்குகளையும் சிப்பிகளையும் காட்டி, களவியலுரை கூறும் கடல்கோளுக்கு இவையே சான்று என்பார் சிலர். இது பொருந்தாது. களவியலுரை சொல்வது மக்கள் வாழ்ந்த நாட்டைக் கடல் கொண்ட செய்தி. காரையின் கடலோ மாந்தரினம் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முற்பட்டது. மொழிப்பற்று சான்றைத் தேட வேண்டுமேயன்றிச் சான்றை வளைத்தலாகாது. இலக்கியச் சான்றை இலக்கிய நெறியாலும் பாறைச் சான்றைப் பாறை நெறியாலும் ஆராய்தலே தமிழுக்குச் செய்யும் தொண்டாகும்.

இன்றைய பயன்

அரபிக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து வீசுங்கால், அடியிலுள்ள குளிர்நீர் மேலெழும். அந்நீரில் குளோபிஜெரினா புல்லாய்டஸ் என்னும் இனம் பல்கும். ஓமான் கடற்படிவில் இவ்வினத்தின் விழுக்காட்டை எண்ணி, வட அட்லாண்டிக் குளிர்ந்த காலங்களில் நம் தென்மேற்குப் பருவக்காற்று நலிந்தது என்று கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் அனில் குப்தாவும் அமெரிக்க அறிஞர் இருவரும் 2003இல் நிறுவினர். மழையை நோக்கி விதைக்கும் உழவர்க்கு இவ்வறிவு அயலானதன்று.

பண்டைய உலகமும் வெப்பமுற்றிருந்ததன்றோ, இன்று அஞ்சுவானேன் என வினவலாம். உலகம் வெப்பமுற்றது உண்மையே. ஆயின் அம்மாற்றங்களுட் பல பல்லாயிரம், பல இலட்சம் ஆண்டுகளில் நிகழ்ந்தன. இன்றோ கரி எரிப்பால் சில தலைமுறைகளிலேயே வெப்பம் ஏறுகிறது. அன்றைய மாற்றங்களுக்கே ஈடுகொடுக்கவியலாது மாய்ந்த உயிர்கள் பல என்பதையும் இவ்வோடுகளே உணர்த்துகின்றன.

முடிவுரை

சாத்தனூர்க் கல்மரம் பூங்காவாகப் பேணப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் கல்மரத்திற்குக் காவல் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஓட்டிற்கு நம் அறிவே காவல். சுண்ணாம்புக்கல் சிமெண்டாவதும் நாட்டிற்குத் தேவையே. எனினும் ஓர் அடுக்கு ஆராயப்படுமுன் அகழப்பட்டால், அதன் செய்தி மீளாது. விளையாட்டாய் எடுத்துவரும் புதைபடிவமும் எந்த அடுக்கினது என்னும் குறிப்பை இழந்தால் ஏடு கிழிந்த தனித்தாளாகிவிடும். ஆகவே மாணவர்கள் காணும் புதைபடிவத்தைப் பெயர்க்காது, இடத்தைக் குறித்து, புவியியல் துறையினர்க்கு அறிவித்தல் நன்று. செல்லரித்த ஏட்டுச்சுவடிகளை ஊர் ஊராய்த் தேடிக் காத்த மரபில் வந்தோர்க்கு, மண்ணடுக்காகிய இச்சுவடியையும் காக்கும் கடமை உண்டு.