வெளியே தெரியாத காயம்



கை முறிந்தவனைக் கண்டால் வழிவிடுகிறோம். காலில் கட்டுப் போட்டவனுக்கு உட்கார இடம் கொடுக்கிறோம். ஆனால் தலையில் அடிபட்டு, மேல்காயம் ஆறி, மாதங்கள் பல கழிந்தும் உள்ளுக்குள் வருந்துகிறவனைப் பார்த்து, "இன்னுமா உனக்குச் சரியாகவில்லை?" என்று கேட்டுவிடுகிறோம். இந்தக் கேள்வி எவ்வளவு அநியாயமானது என்பதை இவ்வாரம் சற்றே ஆராய்வோம்.

மூளைக்கு நேருவது யாது?

மூளை மிருதுவானது, கபாலத்துக்குள் ஒருவகை நீரில் மிதந்தவண்ணம் இருக்கிறது. தலை எதன்மேலாவது மோதினாலும், திடீரெனப் பலமாகக் குலுங்கினாலும், மூளையும் உள்ளே குலுங்குகிறது. அதன் நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு, வேலை தடுமாறுகிறது. இதையே மூளை அதிர்ச்சி என்கிறார்கள். இதற்கு மண்டை உடைய வேண்டியதில்லை. நினைவு தப்ப வேண்டியதுமில்லை. ஸ்கான் படத்தில் ஒன்றும் காணாமலிருப்பதும் உண்டு. ஆதலால், "படத்தில் ஒன்றுமில்லை" என்பது வேறு. "நோயே இல்லை" என்பது வேறு.

பெரும்பாலோர் சில வாரங்களில் குணமடைகிறார்கள். சிலருக்கோ தலைவலி, கிறுகிறுப்பு, அயர்வு, தூக்கமின்மை, மறதி, வெளிச்சத்தையும் சத்தத்தையும் தாங்க இயலாமை, சட்டென்று எழும் கோபம், மனச்சோர்வு ஆகியவை மாதக்கணக்காக நீடிக்கின்றன. கடுமையான காயமாயின் ஆயுள் முழுவதும் தொடர்வதும் உண்டு.

பினியாஸ் கேஜ் என்பவரின் வரலாறு

இதற்கு உதாரணமாக வைத்திய உலகம் இன்றும் எடுத்துச் சொல்லும் ஒரு மனிதர் உண்டு. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்துக் காவண்டிஷ் என்னும் ஊரருகே, 1848 செப்டம்பர் 13-ம் நாள், ரெயில் பாதைக்காகப் பாறையை வெடிவைத்துத் தகர்த்துக் கொண்டிருந்தார்கள். வேலையாட்களின் தலைவர் பினியாஸ் கேஜ், வயது 25. வெடிமருந்து எதிர்பாராமல் தீப்பற்றவே, அதை இடிக்கும் இரும்புக்கோல் பாய்ந்து வந்து, இடது கன்னத்தின் கீழே நுழைந்து உச்சந்தலை வழியாய் வெளியேறிற்று. அதன் நீளம் 3 அடி 7 அங்குலம். எடை சுமார் 13 பவுண்டு. ஆயினும் அவர் பேசினார். மாட்டுவண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே விடுதிக்குத் திரும்பினார். ஜான் ஹார்லோ என்னும் வைத்தியர் பொறுமையுடன் பராமரித்து அவரைப் பிழைப்பித்தார்.

உயிர் மீண்டது, ஒரு கண் பார்வை போயிற்று. அதைவிடத் துக்கமான காரியம் வேறு. சாமர்த்தியமும் நிதானமும் உள்ளவர் என்று முன்பு மெச்சப்பட்ட அவர், இப்போது பொறுமையற்றவராகவும், தகாத சொல் பேசுகிறவராகவும், இட்ட திட்டத்தில் நிலைக்காதவராகவும் காணப்பட்டார். இவர் பழைய கேஜ் அல்லர் என்று நண்பர்களே சொன்னார்கள். பழைய உத்தியோகமும் திரும்பக் கிடைக்கவில்லை.

அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நாம் நிறுத்தலாகாது. கேஜ் பின்னர் ஒரு குதிரை லாயத்தில் வேலை பார்த்தார். 1852-ல் தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டுக்குப் போய், பல ஆண்டு குதிரை வண்டி ஓட்டினார். குதிரைகளைப் பேணுவதும், குறித்த நேரத்தில் புறப்படுவதும், பிரயாணிகளோடு பழகுவதும் குணங்கெட்டவனால் ஆகிற காரியமா? நாள்தோறும் மாறாத அந்த ஒழுங்கே அவரைச் சிறுகச் சிறுக நிலைநிறுத்தியது எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகிறார்கள். இறுதியில் உடல் நலிந்து, வலிப்பு நோய் கண்டு, 1860 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார்.

குணம் மாறியவன் குற்றவாளியா?

"முன்போல் ஜெபிக்க முடியவில்லை, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன், நான் பாவியா?" என்று இப்படிப்பட்டவர்கள் கலங்குவதுண்டு. முழு அறிவும் முழுச் சம்மதமும் இன்றிச் சாவான பாவம் இல்லை என்பது நாம் சிறுவயதிலேயே படித்த பாடம். காயப்பட்ட மூளையின் தடுமாற்றத்தைத் துர்க்குணம் என்று தீர்ப்பிடாதிருங்கள். அதே சமயம், வீட்டார் அடி உதையை மௌனமாய்ச் சகிக்க வேண்டுமென்பதும் இல்லை. அவர்கள் தங்களைக் காத்துக்கொண்டு, வைத்தியரிடம் உண்மையைச் சொல்லட்டும்.

கைக்கொள்ளத் தக்கவை

1. அடிபட்ட முதல் ஓரிரு நாள் ஓய்வு வேண்டும். பின்னர் வைத்தியர் சொற்படி சிறுகச் சிறுக நடையும் வேலையும் தொடங்கலாம். வாரக்கணக்கில் இருட்டறையில் படுத்துக் கிடப்பது நல்லதல்ல.

2. மறதிக்கு வெட்கப்படாதீர்கள். ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக் குறித்துக் கொள்ளுங்கள். ஒரு சமயத்தில் ஒரு வேலை போதும்.

3. மது வேண்டாம். குணமாகு முன் மீண்டும் தலையில் அடிபடாதபடி மிகுந்த கவனம் வேண்டும்.

4. வீட்டார் சுருக்கமாகவும் மெதுவாகவும் பேசுங்கள். வானொலி, தொலைக்காட்சி இரைச்சலைக் குறையுங்கள். உணவும் உறக்கமும் குறித்த நேரத்தில் இருக்கட்டும்.

5. தலைவலி வரவர அதிகரித்தல், ஓயாத வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், எழுப்பியும் எழாத உறக்கம் – இவற்றில் ஒன்று கண்டாலும் கணமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

அடிபடு முன் இருந்த மனிதன் அப்படியே திரும்பி வரவேண்டுமென்று காத்திருக்கும் மனைவியும் தாயும் உண்டு. அவர்கள் கண்ணீர் நியாயமானதே. ஆனால் இப்போது இருக்கிற மனிதனுக்கும் அன்பு தேவை. இவ்வாரம் அப்படிப்பட்ட ஒருவரை நீங்கள் சந்தித்தால், "சரியாகிவிட்டதா?" என்று கேட்க வேண்டாம். "இன்று எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை அவசரப்படாமல் அருகில் இருங்கள்.