அரங்கேறாத நிரல்

பெரியதொரு பணியை மேற்கொண்டவர் காலந்தாழ்த்துவது புதுமையன்று. தாமதம் குற்றமா, தாமதித்த பணியை மறைத்துவைப்பது குற்றமா என்பதே நாம் ஆராய வேண்டிய வினா. கணிப்பொறித் துறையிலிருந்து சில சான்றுகளைக் காண்போம்.

ஸ்டான்போர்டு பேராசிரியர் டொனால்டு நூத், தம் நூலின் அச்சுப்படி அழகாக அமையவில்லையே என வருந்தி, 1977இல் ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு நிரலைத் திட்டமிட்டார். ஓராண்டில் முடியுமென எண்ணிய வேலை பத்தாண்டுக்கும் மேலாக நீண்டது. ஆயினும் அவர் அதைப் பூட்டிவைக்கவில்லை. முற்றுப்பெறாத நிலையிலேயே பிறர் கையாளக் கொடுத்தார். மூலநிரலை 1986இல் நூலாகவே வெளியிட்டார். பிழை கண்டு சொல்வோருக்குப் பரிசும் தந்தார். இன்று நம்மில் கணிதமும் இயற்பியலும் பயில்வோர் ஆய்வேடு எழுதுவது அதன் துணையாலன்றோ?

இனி மறுபுறம் நோக்குவோம். உலக நூல்களையெல்லாம் ஒன்றோடொன்று பிணைக்கும் ‘ஸனாடு’ திட்டத்தை டெட் நெல்சன் 1960இல் தொடங்கினார். நோக்கம் உயர்ந்தது, ஆனால் நிரலோ தொழில் இரகசியமாகக் காக்கப்பட்டது. ஆண்டுகள் கழிந்தன. இதற்கிடையில், நம் சால்ட் லேக் சைக்ளோட்ரான் மையத்தார் பங்குகொள்ளும் ஆலிஸ் ஆய்வு நடைபெறும் அதே செர்ன் ஆய்வுக்கூடத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். அது ஸனாடுவினும் எளியது, குறைகளும் உடையது. 1993 ஏப்ரல் 30இல் செர்ன் அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாமென அறிவித்தது. ஸனாடுவின் நிரல் 1999இல் வெளிவந்தபோது காலம் கடந்துவிட்டது.

திறந்துவைத்தால் மட்டும் வேலை விரைந்து முடியுமா? முடியாது. 1990இல் தொடங்கிய ‘குனு ஹர்டு’ திறந்த நிரலே, 2016இல்தான் 0.9ஆம் பதிப்பை எட்டியது. ஆகவே வெளிப்படை வேகத்திற்கு உறுதி தராது. பிழை கண்ணிற்படவே வழி செய்யும்.

இதை நான் பட்டறிந்தேன். இவ்வூருக்கு வந்த புதிதில், அயலார் என் அறியாமையைக் காணலாகாதென்று கூசி, என் நிரலை எட்டு மாதம் எவருக்கும் காட்டவில்லை. கேட்டவர்க்கெல்லாம், “இன்னும் சற்றே மீதம்” என்றேன். இறுதியில், என்னினும் இளைய வங்க மாணவர் ஒருவர் அரைமணியில் ஓர் அலகுப் பிழையைச் சுட்டினார். எட்டு மாதக் கணக்கும் தவறு! அன்றிரவு விடுதியில் உறக்கம் வரவில்லை. நாணியது பிழைக்காக அன்று, மறைத்த நாள்களுக்காக.

தொல்காப்பியம் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் குற்றமறத் தெரிந்து கேட்க அரங்கேறியது என்கிறது அதன் பாயிரம். அவை கேட்ட பின்னரே நூல் நூலாகும் என்பது நம் மரபு. ஒரு வேறுபாடு: நூல் முடிந்தபின் அரங்கேறும், நிரலோ முடியுமுன்னரே அரங்கேற வேண்டும்.

நண்பர்களே, தொலைவிலிருந்து வந்த நம்மிடம் அந்தக் கூச்சம் சற்று மிகுதி. உங்கள் மேசையில் பாதியில் நிற்கும் பணியை இவ்வாரமே அடுத்த மேசைக்காரரிடம் காட்டுங்கள்.