பாயிரமும் பொதித் தலைப்பும்

நூல் முற்றுப்பெற்ற பின்னரே பெரும்பாலும் பாயிரம் எழுதப்பெறும். ஆயினும் ஏட்டில் அது முன்னே நிற்கும். சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியன் தானே செய்தல் மரபன்று. அவனுடைய ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் என்போருள் ஒருவர் செய்வர் என நன்னூல் கூறும். இதனை ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பிக்கும் யாம், கணினிக்குள்ளும் இதனையொத்த ஒழுங்கு ஒன்றுண்டென அறிந்து வியந்தோம். அதனை ஈண்டு விளக்குவாம்.

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் கொட்டாஞ்சேனை நண்பருக்குக் கணினி வழியே செய்தி விடுக்கின்றார் எனக் கொள்க. செய்தி சிறு பொதிகளாகப் பகுக்கப்படும். ஒவ்வொரு பொதிக்கும் முன்னே ரி.சி.பி. என்னும் அடுக்குக் குறைந்தது 20 பைற்றுத் தலைப்பைச் சேர்க்கும். அதற்கு முன்னே ஐ.பி. அடுக்குக் குறைந்தது 20. அதற்கும் முன்னே ஈதர்நெற் அடுக்கு 14. இறுதியிற் சேர்வது முதலில் நிற்கும். இவற்றுள் ஒன்றையேனும் செய்தியை எழுதியவர் எழுதுவதில்லை.

செய்தியை நினைவகப் பகுதியின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டால் தலைப்புக்கு இடம் ஏது? ஒவ்வொரு தலைப்புக்கும் வேறிடம் தேடிச் செய்தி முழுவதையும் பெயர்த்தெழுத நேரும். 14 பைற்றுக்காக 1,460 பைற்றைப் பெயர்த்தெழுதுதல் வீண் உழைப்பன்றோ? ஆதலின் லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் கரு, எதையும் எழுதுமுன் தொடக்கத்திற் போதிய இடத்தை வெறுமையாக ஒதுக்கி, அதற்கப்பால் செய்தியை வைக்கின்றது. தரவின் தொடக்கத்தைக் காட்டும் சுட்டி ஒன்றுண்டு. தலைப்புச் சேருங்கால் அச்சுட்டியே முன்பக்கம் நகரும். செய்தி இருந்த இடத்திலேயே இருக்கும்.

எவ்வளவு ஒதுக்குவது என்பதே இடர்ப்பாடான வினா. பொதிக்குள் பொதி வைத்து அனுப்பும் முறையில், ஐ.பி. தலைப்பின் முன் இன்னோர் ஐ.பி. தலைப்பு ஏறும். ஆகவே ஒவ்வொரு வலையமைப்புச் சாதனமும் தனக்கு வேண்டிய இடத்தை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். இடம் போதாதாயின், கவனமாக எழுதப்பெற்ற நிரல் அதனை முதலில் நோக்கி, பெரிய இடம் பெற்றுப் பெயர்த்தெழுதும். காலம் செலவாகும், தீங்கில்லை. நோக்காது தலைப்பைச் சேர்க்க முற்பட்டாலோ சுட்டி எல்லையைக் கடந்துவிடும். அதனைக் கண்ட கரு, பிறிதொன்றற்குரிய நினைவகத்தில் எழுத விடாது அவ்விடத்திலேயே வேலையை நிறுத்திவிடும். கணினியே செயலற்றுப் போதலும் கூடும். கடுமையான தண்டனைதான், எனினும் தக்கதென்றே கருதுகின்றோம்.

பொதியைப் பெறும் பக்கத்தில் வேறொரு நுட்பமுண்டு. ஈதர்நெற் தலைப்பு 14 பைற்று ஆதலின், அடுத்துள்ள ஐ.பி. தலைப்பு நான்கின் மடங்கல்லாத இடத்தில் தொடங்கும். சில செயலிகள் அவ்வாறான இடத்தில் எண்களைப் படிக்க இடர்ப்படும். அவற்றுக்காகத் தொடக்கத்தில் 2 பைற்று விடுவர். அவ்விரண்டும் தலைப்பு எழுதுவதற்கென விட்டவை அல்ல. 14-ஐ 16 ஆக்குவதற்கே.