எரிநட்சத்திரம் எங்கிருந்து வருது?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு சகோதரி உள்கடன் இருபதாயிரம் கேட்டார். எதற்கு என்று ஊக்குநர் கேட்டதும் தயங்கினார். பிறகு, "வானத்துலேர்ந்து விழுந்த கல்லாம். உள்ள இரிடியம் இருக்காம். இப்ப பங்கு போட்டா நாலு மாசத்துல லட்சமா வருமாம்" என்றார். "எரிநட்சத்திரம் விழுறத நாமளே பாத்திருக்கோமே, அப்ப கல்லும் இருக்கும்ல?" என்று இன்னொருவர் சொல்ல, கூட்டமே அரை மனதாகிவிட்டது. தீர்மான நோட்டை ஓரமாக வைத்துவிட்டு அன்று பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எரிநட்சத்திரம் நட்சத்திரமே இல்லை. நட்சத்திரம் ஒவ்வொன்றும் நம் சூரியனைப் போல ஒரு சூரியன். அது விழுந்தால் பூமியே மிஞ்சாது. நாம் பார்ப்பது பெரும்பாலும் கடுகு, பயறு அளவுள்ள துகள்தான். நெல் மூட்டை ஏற்றிய வண்டி ஓட்டைச் சாக்கிலிருந்து சிந்திக்கொண்டே போவது போல, வால்நட்சத்திரங்கள் சூரியனைச் சுற்றும் வழியெல்லாம் தூசியைச் சிந்துகின்றன. பூமி அந்த வழியைக் கடக்கும்போது தூசி நம் காற்றுக்குள் பாய்கிறது. வேகம் விநாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வரை. மிக வேகமானது புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு ஒரே விநாடியில் போய்விடும்!

அறிவொளி காலத்தில் சைக்கிள் கற்றுக்கொண்ட அக்காக்களுக்குத் தெரியும், பம்பு அடித்தால் அடிப்பாகம் சுடும். அழுத்தப்பட்ட காற்று சூடாவதுதான் காரணம். துகள் பாயும்போதும் முன்னால் உள்ள காற்று அப்படி அழுந்திக் கொதிக்கிறது. அந்தச் சூட்டில் துகள் ஆவியாகி ஒளிவிடுகிறது. சுமார் 80, 100 கிலோமீட்டர் உயரத்திலேயே கதை முடிந்துவிடும். பார்த்தால் ஆகாது, உடனே பச்சை மரத்தைப் பார் என்று எங்கள் அம்மாச்சி சொல்லும். பச்சை மரம் பார்ப்பது கண்ணுக்கு நல்லதுதான், ஆனால் அந்தத் தூசியால் யாருக்கும் கெடுதல் இல்லை.

அப்படியானால் கல்லே விழாதா? விழும், ஆனால் அபூர்வம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் லட்சக்கணக்கான பாறைகள் சூரியனைச் சுற்றுகின்றன. அவை மோதிச் சிதறும் துண்டு பெரிதாக இருந்தால், எரிந்தது போக மிச்சம் தரைக்கு வரும். அதுதான் விண்கல். 2008 செப்டம்பர் 12 காலை கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிப் பக்கம் அப்படித்தான் விழுந்தது. கிடைத்தது சுமார் 110 கிலோ. விழுந்த இடத்தின் பெயரையே வைப்பது வழக்கம் என்பதால் உலகப் பட்டியலிலும் அதன் பெயர் 'சூளகிரி'தான். 1857 பிப்ரவரி 28 அன்று மதுரைப் பக்கம் இரண்டு கற்கள் விழுந்தன. பெரியது லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. இந்த மாதிரிக் கற்களுக்கு வயது சுமார் 456 கோடி ஆண்டு. விஞ்ஞானிகளுக்கு அதனால்தான் அவை பொக்கிஷம்.

இரிடியம்? விண்கல்லில் இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் ஒரு டன் கல்லை அரைத்தாலும் ஒரு கிராம்கூடத் தேறுவது சந்தேகம். இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் சொம்பு என்று ஏமாற்றியவர்களைத் தமிழ்நாட்டுப் போலீஸ் எத்தனையோ முறை பிடித்திருக்கிறது. காந்தம் ஒட்டுதே என்று காட்டுவார்கள். பெரும்பாலான விண்கல்லில் காந்தம் ஒட்டும், சரி. இரும்புக் கசடிலும்தான் ஒட்டும். புதிதாக விழுந்த விண்கல்லுக்கு மேலே மெல்லிய கருப்புத் தோல் இருக்கும், கசடு மாதிரி பொத்தல் பொத்தலாக இருக்காது. நிஜமாகவே கல் விழுந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். ஆராய்வது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வேலை.

அந்தச் சகோதரி உள்கடன் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். முன்பணமாக ஏற்கெனவே கொடுத்த இரண்டாயிரம் மட்டும் இன்னும் வரவில்லை.

எரிநட்சத்திரம் பார்க்க ஆசைப்படுபவர்கள் டிசம்பர் 13, 14 இரவுகளில் பத்து மணிக்கு மேல் லைட்டை அணைத்துவிட்டு வாசலில் பாய் போட்டுப் படுங்கள். நம் ஊரில் அது மழைக்காலம், மேகம் விலகினால் உங்கள் அதிர்ஷ்டம். பிள்ளைகளையும் எழுப்பிக் காட்டுங்கள்.